மோகனாக்காவுக்கு வெச்ச படி

சம்பத் மாமா என் அம்மாவின் தம்பி. அவருடைய ஜீப்புக்கு என்னைவிட மூணு மடங்கு வயசு. ஆம்பூரிலிருந்து மலை ஊருக்குப் போக அதை விட்டால் நடைதான். காலையில் ஷூ கம்பெனிக்கு வரும் பெண்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு போவோம். வழியெல்லாம் பாறை, ஓடை. அதனால் பெரிய டயர் போட்டு, ஸ்பிரிங் பட்டைக்குக் கட்டை கொடுத்து வண்டியை ஒரு சாண் தூக்கி வைத்திருந்தார். மாமாவோ குள்ளம். பக்கத்தில் நின்றால் டயர் யாரு, மாமா யாரு என்று ஒரு நிமிஷம் யோசிக்கணும்.

ஆனால் அவர் ஏறுவதைப் பார்க்கணும். ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரே எம்பு. சீட்டில் இருப்பார். "படி வெச்சுக்கோயேன் சம்பத்து" என்று டீக்கடையில் கிண்டல் பண்ணினால், "படியெல்லாம் கெழவனுங்களுக்கு" என்பார்.

போன ஆடியில் அவர் மூட்டு பேஜார் பண்ண ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. டீயை வண்டிக்கே கொண்டுவரச் சொன்னார். விளையாட்டுக்கு அதில் உப்பு போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். துரத்திக்கொண்டு வரவேண்டிய ஆள், உட்கார்ந்த இடத்திலிருந்தே திட்டினார். அப்போதுதான் புரிந்தது.

"தீபாவளிக்குள்ள வண்டிய வித்துடப் போறேன்டா" என்றார். "ஓட்டுன வரைக்கும் போதும்."

தனக்கென்று படி வைக்க மாட்டார். யாராவது பாசஞ்சர் கேட்டால் வைப்பார். எவள் கேட்பாள்? மலைப் பெண்கள் பேசிக்கொண்டே ஏறிவிடுவார்கள். அதிலும் கம்பெனியில் தையலில் இருக்கும் மோகனாக்கா, தலையில் அரிசி மூட்டையோடு ஏறுகிற ஆள். மாமாவின் மூட்டைப் பற்றி அவளிடமே போய்ச் சொன்னேன்.

"ஏன்டா, என்னால ஏற முடியலன்னு நானே சொல்லணுமா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கும்க்கா."

என்னை முறைத்தாள். "உங்க மாமாவ வேற யாருக்குனா வண்டிய குடுக்க வுட்டியோ, தோல உரிச்சு டேனரில போட்ருவேன்" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் எல்லார் முன்னாலும் ஒரு காலைத் தூக்கி வைத்தாள், முனகினாள், இறங்கிவிட்டாள். "அண்ணா, படி வைங்க. இல்லன்னா நான் வரல."

"இன்னாடி, நேத்துவரைக்கும் மூட்டையோட ஏறுன. ஒரே ராத்திரில கெழவி ஆயிட்டியா?" என்றாள் ஒருத்தி.

மலை ஏறி முடிக்கிறவரை சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபைஸான் பாயின் வெல்டிங் பட்டறைக்குப் போனோம். பின்கதவு துருப்பிடித்து அடைத்தாச்சு, எல்லாரும் இடது பக்கமாகத்தான் ஏறுவார்கள். "அந்தப் பக்கம் மட்டும் போதும் பாய். மோகனாவுக்குத்தான்" என்றார் மாமா. பாய் கனமான பைப்பை வண்டிக்கு அடியில் இருக்கும் சேஸிஸோடு சேர்த்துப் பற்றவைத்தார். பாறையில் இடிக்காத மாதிரி உள்தள்ளி வைத்தார். மேலே, கம்பெனியில் கழித்துப்போட்ட சோல் ரப்பர். மழையில் வழுக்காது. முடித்துவிட்டு இன்னொரு பைப்பை எடுத்துக்கொண்டு, டிரைவர் ஏறும் வலது பக்கம் போனார்.

"அங்க எதுக்கு பாய்?" என்றார் மாமா.

"ஒரு பக்கம் மட்டும் வெச்சா வண்டி சாயும்."

இதை நான் பாய்க்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு பக்கமாகவே பலாப்பழம் ஏற்றி மலை இறங்குகிற வண்டி அது. மாமா பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆமா, சாயும்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் மோகனாக்கா அரிசி மூட்டையோடு வந்தாள். ஏதோ பேச்சு மும்முரத்தில், பழக்கதோஷத்தில் ஒரே தாவு. உள்ளே போயாச்சு. அப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

மாமா டிரைவர் பக்கத்துப் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார்.

"மோகனா."

"இன்னாண்ணா?"

"எறங்கு. உனக்காக வெச்சது. மிதிச்சு ஏறு."

அவள் மூட்டையோடு இறங்கினாள். படியில் காலை வைத்து, முட்டியைப் பிடித்து, "அம்மாடி" என்று ஒரு சத்தத்தையும் கூட்டி, மெதுவாக ஏறினாள். வண்டியே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாமா மற்ற காலையும் தூக்கி வைத்து, சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. தீபாவளி வந்தது, போனது. வண்டியை மாமாதான் ஓட்டுகிறார். டீக்கும் இறங்கித்தான் வருகிறார், துரத்தினால் பிடித்துவிடுவார், அதனால் உப்பு போடுவதை நிறுத்திவிட்டேன்.