ஓடுகிற பக்கமும் அக்காவின் விரலும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சிங்கப்பூர் தெம்பனிஸில் அக்கா வீட்டில் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அக்கா தன் டேப்லெட்டை என் பக்கம் தள்ளினாள்.

"இந்தா, நீயே வச்சுக்க. எனக்கு வேணாம்."

மாலதி அக்காவுக்குக் காது கேட்காது. சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவள் நன்றாகப் பேசுவாள்... நாம் பேசுவதுதான் அவளுக்குப் போய்ச் சேராது. என் பிழைப்பு வெப்சைட் செய்வது. அதனால் அவளுக்காக ஒரு பக்கம் செய்து கொடுத்திருந்தேன். நாம் பேசப் பேச, பேச்சு தமிழ் எழுத்தாகத் திரையில் வரும். புது வரி வந்தால் பக்கம் தானாகக் கீழே ஓடி அதைக் காட்டும்.

"என்னக்கா பிரச்சினை?" என்றேன். கேள்வி திரையில் வந்தது.

"ஒரு வரி புரியலன்னா மேல போய்ப் படிக்கலாம்னு பாக்குறேன். அதுக்குள்ள யாராவது வாயைத் திறக்குறீங்க. உடனே என்னைக் கீழ இழுத்துட்டுப் போயிடுது. ரெண்டு வாரத்துல நிலாவுக்கு நிச்சயதார்த்தம். அங்கயும் இப்படின்னா, நான் சும்மா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

நிலா அக்காவின் ஒரே மகள். காது கேட்காத அம்மா, தன் மகளின் நிச்சயதார்த்தத்தில் சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

சின்ன வேலைதானே என்று நினைத்தேன். பக்கம் நகர்ந்தால், அக்கா மேலே போகிறாள் என்று அர்த்தம். உடனே தானாக ஓடுவதை நிறுத்து — அவ்வளவுதான். எழுதிப் பார்த்தேன். முதல் வரி வந்ததுமே பக்கம் நின்றுவிட்டது.

ஏன்? பக்கம் நகர்ந்தால் பிரௌசர் "நகர்ந்தது" என்று மட்டும் சொல்லும். நகர்த்தியது யார் என்று சொல்லாது. அக்கா தள்ளினாலும் அதே செய்தி, என் ப்ரோகிராம் தள்ளினாலும் அதே செய்தி. தானே தள்ளிவிட்டு, அக்கா தள்ளியதாக நினைத்து அது நின்றுகொண்டது.

சரி, ப்ரோகிராம் தள்ளும்போது மட்டும் கொஞ்ச நேரம் எதையும் கண்டுகொள்ளாதே என்று எழுதினேன். மறுநாள் அக்காவிடம் கொடுத்தேன். நிலாவும் அத்தானும் பக்கத்தில் உட்கார்ந்து மெனு பற்றி வேகமாகப் பேச, வரி மேல் வரி வந்தது. பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா விரலால் இழுத்தாள். ப்ரோகிராம் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருந்ததால், அதையும் அது கண்டுகொள்ளவில்லை.

"ஏண்டா, நான் தொட்டதுகூடவா அதுக்குத் தெரியல?" என்றாள் எரிச்சலோடு.

நான் அவள் விரலையே பார்த்தேன். திரையில் அழுத்தமாக ஊன்றியிருந்தது. ப்ரோகிராமுக்கு விரல் கிடையாதே! பக்கம் நகர்ந்ததா என்று கேட்பதை விட்டுவிட்டு, யாராவது தொட்டார்களா என்று கேட்டால் போதாதா?

அன்றைக்கே மாற்றினேன். விரல் பட்டு இழுத்தால் அது அக்கா, பக்கம் நிற்கும். விரல் படாமல் நகர்ந்தால் அது ப்ரோகிராம், ஓடட்டும். நிற்கும் நேரத்தில் வருகிற பேச்சு தொலையாமல், "புது வரிகள் கீழே" என்று ஒரு பட்டனும் வைத்தேன்.

நிச்சயதார்த்தம் லிட்டில் இந்தியாவில், ஒரு உணவகத்தின் மாடியில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பேசினார்கள். வரிகள் ஓடின. அக்கா படித்தாள், சரியான இடத்தில் சிரித்தாள். பிறகு நிலா மைக்கை வாங்கினாள்.

"அம்மாவுக்குக் காது கேக்காம போனப்புறம் நான் பேசுறதையே குறைச்சுட்டேன். படிக்கிறது அவங்களுக்கு சிரமம்லா, எதுக்குத் தொல்லைன்னு நினைச்சேன். என் மேல கோவம்னு அம்மா நினைச்சிருக்காங்க போல. கோவம் இல்லம்மா."

அடுத்து அத்தான் எழுந்து நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் விரல் மேலே போய் நிலாவின் வரிகளைப் பிடித்து நிறுத்தியது. அத்தானின் நன்றி கீழே குவிந்துகொண்டிருந்தது. பட்டன் மின்னியது. பக்கம் அசையவில்லை.

அக்கா மெதுவாகப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். வீட்டில் நிலாவின் பேச்சு குறைந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைக் குறைத்தது கோபமா, பாசமா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அத்தான் பேசிக்கொண்டிருப்பது தெரியாமல் அக்கா எழுந்தாள்.

"எனக்கு ஒரு சிரமமும் இல்ல, நிலா. நீ பேசு. நான் நின்னு நிதானமா படிச்சுக்குறேன்."

நிலா வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அத்தான் மிச்ச நன்றியை விழுங்கிவிட்டு உட்கார்ந்தார்.

நேற்று அக்காவிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ்: "தம்பி, அந்தப் பக்கத்தை நிறுத்த முடியுது. நிலாவை நிறுத்த ஏதாவது பட்டன் இருக்கா?"