எண்ணெய் குடித்த கடற்புல்

தொண்ணூறுகளின் நடுவில் துடியலூரில் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். நான் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரி. நாரிழை வேதியியலில் ஆராய்ச்சி செய்யக் கோவைக்கு வந்திருந்தேன். எங்கள் கரையில் அலை ஒதுக்கிவிட்டுப் போகும் கடற்புல் மேடு மேடாகக் கிடந்து அழுகும். அதிலிருந்து உபயோகமான நார் எடுக்க முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி.

ஊரிலிருந்து சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்த புல்லை மொட்டை மாடியில் அலசிக் காயப்போட்டேன். வீட்டுக்கார அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்தார்.

"ஏனுங்க அம்மணி, ஊடு பூரா கருவாட்டு வாசமுங்க. இந்தப் பாசிய வேற எங்கியாச்சும் காயப்போடக் கூடாதுங்களா?"

"பாசி இல்லைங்க, புல்லு."

சிரித்துவிட்டு இறங்கிப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். வாடி, போடி என்று கூப்பிடத்தான் அங்கே எனக்கு ஆள் இல்லை.

கல்லூரியிலும் நாற்றத்துக்காக என்னைக் கடைசி அறைக்கு மாற்றினார்கள். காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் நார் பிரிந்தது. ஆனால் குட்டை நார். பஞ்சோடு கலந்து நூற்றால் அறுந்து விழுந்தது. மில்கள் நிறைந்த ஊரில், நூலாகாத நாரை யாரிடம் காட்டுவது?

பிறகு அதை அசெட்டிக் அன்ஹைட்ரைடு என்ற ரசாயனத்தில் சூடாக்கிப் பார்த்தேன். கண் எரியும் நெடி. கழுவி உலர்த்தித் தண்ணீரில் போட்டபோது நார் நனையாமல் மிதந்தது. மேலே கொஞ்சம் மெஷின் ஆயில் ஊற்றினேன். நார் எண்ணெயை மட்டும் உறிஞ்சிக்கொண்டது. தண்ணீர் தெளிந்து நின்றது. யாரையாவது கூப்பிட வேண்டும் போலிருந்தது. வராந்தாவில் எட்டிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஊரில் பக்கத்து வீட்டுக்குப் பேசினேன். "அம்மா சந்தைக்குப் போயிருக்கா. என்ன சொல்லணும்?" என்றார்கள்.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கேன்னு சொல்லுங்க."

வீட்டுக்காரர் கீழே லேத் பட்டறை வைத்திருந்தார். மறுநாள் ஒரு கை நாரை அவரிடம் கொடுத்தேன். பட்டறைச் சாக்கடையில் எண்ணெய் மிதந்த இடத்தில் போட்டுப் பார்த்தவர், மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரு! அப்படியே குடிச்சுப்போட்டுதே!"

அந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இத்தன நாளா இதைத்தான் செஞ்சுட்டு இருந்தீங்களா? தனியாவா?"

தலையை ஆட்டினேன்.

பட்டம் கிடைத்தது. ஆனால் ரசாயனச் செலவு கட்டுப்படியாகாது என்று யாரும் நாரைத் தயாரிக்க முன்வரவில்லை. வேறு ஊரில் வேலை கிடைத்து அறையைக் காலி செய்தபோது, மிச்சமிருந்த நாரையெல்லாம் பட்டறைக்கே கொடுத்தேன்.

"இது தீந்துபோச்சுன்னா எங்கீங்க வாங்கறது?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"எங்கேயும் கிடைக்காதுங்க" என்றேன்.