பெரம்பலூர் பஸ்ஸில் தொலைந்த பதினாறு பக்கங்கள்

புத்தம் புதிய நாவல் ஒன்றைக் கத்தியால் பிரிப்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது, அரியலூரில் ரயிலடிக்குப் போகும் தெருவில் இருந்த அந்தப் புத்தகக் கடையில்தான். சென்னையிலிருந்து பார்சலில் அன்று காலை வந்து இறங்கிய புத்தகம். காகித அட்டை, பசை வாசம்கூடப் போகவில்லை. கடைக்கார ஐயா அதை மடியில் கவிழ்த்துப் போட்டு, அட்டையை நோகாமல் உரித்து, முதுகில் ஓடிய நூலைப் பேனாக்கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். “ஐயையோ, என்னங்க பண்றீங்க?” என்று கத்தியே விட்டேன். அவர் நிமிரவில்லை. “பதறாதீங்க டீச்சரம்மா. படிக்கறதுக்கு நாலு பேரு இருக்கோம், புத்தகம் ஒண்ணுதானே வந்திருக்கு” என்றார்.

யுத்தக் காலம். காகிதத்துக்குப் பஞ்சம். மலிவுப் பதிப்பு நாவல்கள் கடைக்கு ஒன்றோ இரண்டோ வந்தால் அதிகம். ஆகவே வருகிற புத்தகத்தைப் பாரம் பாரமாக, அதாவது சேர்த்துத் தைத்திருக்கும் பதினாறு பதினாறு பக்கங்களாகப் பிரித்து, ஆளுக்கொன்றாகக் கைமாற்றிப் படிப்பது எங்கள் வழக்கமானது. பார்சலை இறக்குகிறவர் என்ற உரிமையில் ரயில்வே கூட்ஸ் குமாஸ்தாதான் முதலில் படிப்பார். அடுத்தது நான். வரதராஜன்பேட்டையிலிருந்து வந்து இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகாத வாத்திச்சி ஆண்களோடு உட்கார்ந்து கதை பேசுகிறாள் என்று ஊரில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவதாகப் படிப்பவர் பெரம்பலூர்ப் புலவர். அந்த ஊருக்கு ரயில் ஏது? கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் புகை குடித்து, மேட்டில் இறங்கித் தள்ளி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து சேருவார். வேட்டி கருத்திருக்கும், பைக்குள் பாரங்கள் மட்டும் மடங்காமல் இருக்கும். கடை யாருடையதோ அவர் கடைசியில்தான் படிப்பார். வந்தவர்கள் சாப்பிட்ட பிறகு வீட்டுக்காரர் சாப்பிடுவதுதானே முறை என்பார் ஐயா.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. முன்னால் படித்தவர் பின்னால் வருகிறவருக்குக் கதை சொல்லக் கூடாது. சொன்னால் எல்லோருக்கும் காபி வாங்கித் தர வேண்டும். குமாஸ்தாவுக்கு நாக்கு நிற்காது. பாதி நாள் எங்கள் காபி அவர் புண்ணியத்தில்தான். பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு, அந்த வருஷத்து நாவல்களில் சிறந்தது எது என்று தேர்ந்தெடுப்போம். மேஜையில் புத்தகங்களைப் பரப்பி, அவரவர் பிடித்ததன் மேல் ஒரு புளியங்கொட்டை வைக்க வேண்டும். அதற்கு முன்னால் நடக்கும் சண்டையைக் கேட்டால் தேர்தலில் நிற்பவர்கள்கூட வெட்கப்படுவார்கள். ஜெயித்த புத்தகத்தை ஐயா மறுபடி தைத்து, காலிகோ அட்டை போட்டுக் கண்ணாடி பீரோவில் வைப்பார். அது விற்பனைக்கு இல்லை.

ஐயாவுக்கு மனைவி போய் வெகுகாலம். ஒரே மகன் ரங்கூனில் அரிசி மில் கணக்கராக இருந்தான். அங்கே குண்டு விழுந்த நாளிலிருந்து அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அங்கிருந்தவர்கள் காட்டு வழியே நடந்து வருகிறார்கள், வங்காளம் வந்துவிட்டார்கள் என்றெல்லாம் பேச்சு அடிபடும். ரயில் வரும் நேரம் ஐயா கடை வாசலில் நிற்பார். எல்லோரும் இறங்கிப் போன பிறகு உள்ளே வந்து, விற்க வைத்திருக்கும் சிலேட்டுகளைத் துடைப்பார். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் அந்த நாவல் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் ரங்கூனிலிருந்து ஊரை நோக்கி நடக்கிற கதை. ஐயா மற்ற நாவல்களை ஆற அமரப் படிக்கிறவர். இதை மட்டும் பாரம் கைக்கு வந்த நிமிஷமே விழுங்கினார். சட்டத்தைக் கறாராகக் காத்துவந்த மனிதர், என்னிடமே வந்து மெதுவாகக் கேட்டார்: “டீச்சரம்மா, காப்பி நான் வாங்கித் தரேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஊரு வந்து சேந்துடுவான்ல?” அப்போது கடைசிப் பாரத்தை நானும் படித்திருக்கவில்லை. தெரியாது என்று உண்மையைச் சொன்னேன்.

மறுநாள் குமாஸ்தா அந்தக் கடைசிப் பாரத்தைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்தார். வழக்கமான வாய்வீச்சு இல்லை. “பையன் காட்டுலயே செத்துப் போயிடறான். ஐயா கையில இதக் கொடுத்தா மனுஷன் தாங்க மாட்டாரு” என்றார். படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரியென்றே எனக்கும் பட்டது. அந்த ஞாயிறு ஐயா சாப்பிடப் போயிருந்தபோது மூன்று பேரும் பேசினோம். “பொய்யி சொல்லிப் பழக்கமில்லீங்களே” என்று நெளிந்த புலவர், கடைசியில் பழியைத் தானே ஏற்றுக்கொண்டார். பாரம் பஸ்ஸில் தொலைந்துவிட்டதாகக் கதை கட்டினோம். அதை என் டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

ஐயா கோபித்துக்கொள்ளவில்லை. புலவர்தான் கூனிக் குறுகி நின்றார். தை மாதம் வந்தது. சண்டைக்கு நாங்கள் தயாராகும் முன்பே ஐயா எழுந்துபோய் அந்தக் குறைப் புத்தகத்தின் மேல் புளியங்கொட்டையை வைத்துவிட்டார்.

“முடிவே இல்லாத புத்தகமாச்சே ஐயா” என்றார் புலவர்.

“அதனாலதாங்க. முடியல பாருங்க, இன்னும் நடந்து வந்துக்கிட்டே இருக்கான்.”

நாங்கள் மூவரும் அவருடைய கொட்டைக்குப் பக்கத்திலேயே எங்கள் கொட்டைகளை வைத்தோம். சண்டை இல்லாமல் முடிந்த தேர்தல் அது ஒன்றுதான். விடுபட்ட இடத்தில் வெள்ளைத் தாள்களைச் சேர்த்து அவர் தைத்தார். பிறகு பல நாள் அந்த பீரோவைப் பார்க்காமலே கடைக்குள் போய்வந்தேன்.

யுத்தம் முடிந்தது. அதற்கும் சில மாதங்கள் கழித்து, பர்மாவிலிருந்து திரும்பிய செந்துறைக்காரர் ஒருவர் கடையைத் தேடி வந்தார். மகன் வழியில் காய்ச்சலில் இறந்துவிட்டான். கூட நடந்தவர்கள் சொல்லி அவர் கேள்விப்பட்டது அவ்வளவுதான். எந்த இடம், எப்படி, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஐயா கேட்டதற்கெல்லாம் அவருக்குப் பதில் தெரியவில்லை. கடை மூடிக் கிடந்தது. துக்கம் கேட்கப் போனபோது ஐயா அழவில்லை. எங்களுக்குத் தண்ணீர் கொடுத்து உபசரித்தார், அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. கிளம்பும்போது என்னை மட்டும் நிறுத்தினார்.

“டீச்சரம்மா, அந்தக் கடைசிப் பாரம் ஒங்ககிட்டதானே இருக்கு?”

“அது பஸ்ஸுல...” என்று ஆரம்பித்தேன்.

“புலவராவது, புத்தகத்தத் தொலைக்கறதாவது! பஸ் டிக்கெட்டையே பத்திரமா வெச்சிருக்கற மனுஷன். அப்பவே தெரியும். கேக்கத்தான் பயமா இருந்துச்சு. இப்ப எடுத்துட்டு வாங்க, பயப்பட என்ன இருக்கு?”

அன்று சாயங்காலமே எடுத்துப் போனேன். எழுத்து கலங்குகிறது, நீங்களே படியுங்கள் என்றார். படித்தேன். பையன் மரத்தடியில் விழுகிறான். கூட்டம் அவனைத் தாண்டிப் போகிறது. முன்பின் தெரியாத ஒருத்தி மட்டும், தன் பிள்ளைகளை முன்னால் போகச் சொல்லிவிட்டு அவன் தலையை மடியில் ஏந்திக்கொள்கிறாள். முந்தானையை நனைத்து உதட்டில் பிழிகிறாள். உன் ஊர் எது என்று கேட்கிறாள். அவன் ஊரைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கண் மூடும்வரை எழுந்து போகவில்லை. சாவு, சாவு என்று அதை மட்டுமே பார்த்த எங்கள் மூவர் கண்ணிலும் இந்தப் பெண்பிள்ளை படவே இல்லை. ஐயாவோ அவள் வருகிற இடத்தை மட்டும் மறுபடி மறுபடி படிக்கச் சொன்னார். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

இன்றைக்குக் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. என் பேத்தி ஒரே மூச்சில் நாவலை முடித்துவிட்டு, “முடிவு சோகம், நீங்க படிக்காதீங்க பாட்டி” என்று என் கைக்கு எட்டாமல் எடுத்து வைக்கிறாள். பாசம்தான், தெரியாமல் இல்லை. எங்களுக்கும் அன்று அவர்மேல் இருந்தது பாசம்தான். ஆனாலும் வாங்கிப் படித்துவிடுகிறேன். அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஐயா என்னிடம் சொன்னது அப்படி. கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

“இத அப்பவே கொடுத்திருந்தா, இத்தனை வருஷமும் அவன் தன்னந்தனியா நடக்கறான்னு நெனச்சிருக்க மாட்டேனேம்மா.”