ஹெட்போன் ஓட்டை உள்ள பெட்டி

ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணல்மாணலாக வரும், நடந்ததும் பாதி மறந்துபோகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இது இரண்டாயிரத்து ஐந்தாக இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம்.

எங்கள் மகன் துபாய் வேலைக்குப் போனபோது தன் எலக்ட்ரிக் கிடாரை வீட்டில் விட்டுவிட்டுப் போனான். மரக்காணத்து உப்புக் காற்றில் இரும்பு எதுவும் தாங்காது. அதனால் கம்பிகளைத் தினமும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பேன். துடைக்கப் போன விரல் சும்மா இருக்கவில்லை. ஒரு வருஷத்தில் மாதா கோயிலில் பாடுகிற நாலைந்து பாட்டு கைக்கு வந்துவிட்டது.

ஆனால் சத்தம் கூட்டுகிற ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் மாட்டாத அந்தக் கிடார் கொசு மாதிரிதான் முனகும். அதன் முழுச் சத்தத்தை நான் கேட்க வேண்டும். இந்த வயதில் நான் வாசிப்பது மட்டும் என் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது.

“தெரிஞ்சா என்னா? டிக்கெட் போட்டு பாக்க வரப் போறாங்களா?” என்பார் அவர்.

அந்தப் பெட்டி வாங்கப் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினோம். கடையில் அவர்தான் வாசிக்கிறவர் என்று சொல்ல வேண்டும் என்று பேச்சு.

“நாப்பது வருஷமா உப்பளத்துல உப்பு வார்றவன் நானு. என்னைப் போயி...”

“சும்மா தலைய ஆட்டுங்க, போதும்.”

கடைக்குள் போனதும் இருப்பதிலேயே பெரிய பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். உப்பு மூட்டை தூக்கிய பழக்கம். “நல்ல கனம் தம்பி. இதையே போடு.”

“பெரியவரே, அது மேடைக்கு. வீட்ல வச்சீங்கன்னா கூரை ஓடு பறந்துடும்” என்றார் கடைக்காரர்.

நான் அவர் முதுகில் இடித்தேன்.

“அப்ப சின்னதா காட்டு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாது.”

அரிசி டப்பா அளவில் ஒன்று வந்தது. ஒரு திருகைத் திருப்பினால் கோயிலுக்குள் வாசிப்பது போலக் கேட்டது. இன்னொரு பக்கம் திருப்பினால் மிக்ஸியில் கல் விழுந்தது போல. பின்னால் ஹெட்போன் மாட்ட ஓர் ஓட்டை. எனக்கு அதுதான் என்று தெரிந்துவிட்டது.

“வாசிச்சுப் பாருங்க” என்று கடைக்காரர் ஒரு கிடாரை நீட்டினார்.

இவர் அதை வாங்காமல் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். “இந்தக் காய்ப்பப் பாத்தியா? அத்தனையும் கிடார்தான்.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “கிடார் வாசிச்சா இடது கை விரல் நுனியில இல்ல காய்க்கும்?”

என்னை அறியாமல் இடது கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். கிடாரை என் பக்கம் திருப்பி, ஹெட்போனைக் கையில் கொடுத்தார்.

“கதவு சாத்தியிருக்கும்மா. வெளிய ஒண்ணும் கேக்காது.” சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பித் தூசி தட்ட ஆரம்பித்தார்.

இரண்டு வரி வாசித்தேன். என் விரலுக்குள் அவ்வளவு சத்தம் இருந்ததா! இவர் மட்டும், “சத்தமே வரலியே, பெட்டி ரிப்பேரா?” என்று கேட்டுக்கொண்டு நின்றாராம்.

வீட்டுக்கு வந்தபின் தினமும் மத்தியானம் ஹெட்போனோடு உட்காருவேன். “ஊமைப் படம் பாக்குற மாதிரியே இருக்குது” என்று எதிரில் உட்கார்ந்து கை தட்டுவார். பல மாதம் அப்படித்தான். ஒரு நாள் என்னவோ, ஹெட்போன் ஒயரை நானே பிடுங்கிவிட்டேன். சத்தம் வீடு முழுக்கப் போனது. பாதிப் பாட்டில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டம்மா குரல்: “என்னாண்ணே, புது ரேடியோவா?”

“ரேடியோ பழசுதாம்மா. இப்பதான் வாயத் தொறந்திருக்குது” என்றார் இவர்.

முகம் சுட்டது. ஆனால் கை நிற்கவில்லை. பாட்டை முடித்துவிட்டுத்தான் பெட்டியை அணைத்தேன்.

அந்தத் திருகில் எட்டுச் சத்தமா, பத்துச் சத்தமா என்பது மறந்துவிட்டது. இந்த மாதிரிப் பெட்டி தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். பக்கத்து வீட்டம்மாவிடம் மட்டும் விசாரிக்க வேண்டாம். அவர் இன்னும் ரேடியோ என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.