சகலையின் ஜெட்டில் என் காலடி மண்

பேய், செய்வினை, கண்ணேறு எதையும் நான் நம்பியவன் இல்லை. சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது ஆபீஸ் அலமாரியில் பாதி இடம் என் புத்தகங்கள்தான்; பகுத்தறிவை மூட்டை மூட்டையாகப் படித்தவன். பொறாமையை மட்டும் நம்பினேன். அது கண்ணெதிரே நடமாடியது. அதன் பெயர் மாணிக்கம்.

மாணிக்கம் என் சகலை, என் மனைவி கமலாவின் தங்கை ரத்னாவைக் கட்டியவன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், சுங்கைப் பட்டாணியில் பழைய கார் விற்றான். நான் என் டட்சனைத் தள்ளி ஸ்டார்ட் செய்துகொண்டிருக்கும்போது வாரம் ஒரு காரில் வந்து கையாட்டிவிட்டுப் போவான். எல்லாம் விற்பனைக்கு நிற்கும் கார்கள் என்று எனக்குத் தெரியும், தெரிந்து என்ன பிரயோசனம்.

எண்பதுகளின் நடுவில், ஈய விலை விழுந்து பெரிய மனிதர்களெல்லாம் சாமான்களை விற்கத் தொடங்கிய சமயம். பினாங்கு தவுக்கே ஒருவர், பெரிய சீன முதலாளி, தன் ஜெட் விமானத்தை விற்றுத் தரும்படி மாணிக்கத்திடம் சொன்னார். எட்டுப் பேர் உட்காரும் விமானம். அவருடைய பென்ஸ் கார்களை விற்றுக் கொடுத்தவன் அவன்தானாம். நாலு சக்கரம் விற்றவனுக்கு மூன்று சக்கரம் விற்க வராதா என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். பேப்பரில் விளம்பரமும் கொடுத்தான்: 'ஜெட் விமானம், ஒரே ஓனர், நல்ல கண்டிஷன், நேரில் பேசவும்.' அதைப் பக்கத்து ஊர் திகாம் பத்துவின் சாப்பாட்டுக் கடையில் யாரோ உரக்கப் படித்தார்கள். நான் பாதி ரொட்டியில் எழுந்து வந்துவிட்டேன்.

ஆனால் விமானம் விற்கவில்லை. வந்தவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், எழுந்து போனார்கள். விற்கும்வரை அதை நிறுத்தி வைக்கும் செலவு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு, மாணிக்கம் கார்க் கடையை பாங்கியில் அடமானம் வைத்திருந்தான். தீபாவளிக்குள் விற்காவிட்டால் கடை போய்விடும். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நல்ல தூக்கம்.

ஒரு காலையில் பார்க்கிறேன், ரத்னா என் வாசலில் குனிந்து, நான் மிதித்துப் போன மண்ணைப் பேப்பரில் அள்ளிக்கொண்டிருக்கிறாள். கண் வைத்தவனின் காலடி மண்ணை உப்பும் காய்ந்த மிளகாயும் சேர்த்துச் சுற்றி நெருப்பில் போட்டால் திருஷ்டி கழியும் என்பது எங்கள் ஜனங்களின் விஞ்ஞானம். யார் கண்ணுக்கு இது என்று கேட்டேன்.

"ஊர்க் கண்ணுக்கு, அத்தான். ஊர் மண்ணு உங்க வாசல்லதான் நல்லா கிடைக்குது."

சனிக்கிழமை மாணிக்கமே வந்தான். "அண்ணே, மண்ணு மட்டும் பத்தாதுன்றா ரத்னா. ஆளும் கூட வந்துட்டா நல்லது லா."

எழுந்து அடித்திருப்பேன். ஆனால் கமலா என் சட்டையை ஏற்கெனவே அயர்ன் பண்ணி வைத்திருந்தாள். கடை போனால் தங்கை குடும்பம் மொத்தமும் எங்கள் குவார்ட்டர்ஸுக்குத்தான் வரும் என்று அவள் யோசித்துவிட்டாள்.

அலோர் ஸ்டார் விமானத் தளம், நல்ல மத்தியான வெயில். ஏறினேன். வெண்ணெய் நிறத் தோல் இருக்கைகள், பளபளக்கும் மரம், காலை நீட்ட அவ்வளவு இடம். இதில் இவன் தினமும் ஏறி இறங்குகிறான் என்று நினைத்தபோது எனக்குக் கண்ணே இருட்டியது. மாணிக்கம் என்னை உட்கார வைத்து, ரத்னா கட்டிய மண் பொட்டலத்தால் தலையைச் சுற்றி, அதில் துப்பச் சொன்னான். மனதாரத் துப்பினேன். அப்புறம் தீப்பெட்டியை எடுத்தான் பாருங்கள், கீழே நின்ற மலாய்க்கார மெக்கானிக் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார். எண்ணெய் நிரப்பிய விமானத்துக்குள் நெருப்பா? மாணிக்கம் பொட்டலத்தை எதிர் இருக்கையின் சாம்பல் கிண்ணத்துக்குள் திணித்து மூடினான். பிறகு எடுத்துக் கொளுத்தலாம் என்று சொல்லிவிட்டு, மெக்கானிக்கைச் சமாதானப்படுத்த இறங்கிப் போனான்.

நான் தனியாக இருந்தேன். நீங்கள் நம்பினால் நம்புங்கள். எதிர் இருக்கையின் மெத்தை மெல்ல அமுங்கியது. கனத்த ஆள் உட்காரும்போது தோல் இருக்கை பெருமூச்சு விடுமே, அந்தச் சத்தம். அமுங்கிய பள்ளம் அப்படியே நின்றது. பயந்தேனா என்றால் இல்லை, அதுதான் விசித்திரம், இறுக்கமான சப்பாத்தைக் கழற்றியதுபோல் சுகமாக இருந்தது. மாணிக்கம் திரும்பி வந்தான். அவன் கையில் தங்கக் கடிகாரம்.

"வாட்ச் உனக்கு நல்லா இருக்கு, தம்பி," என்றேன்.

அவன் சட்டென்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

அடுத்து வந்தவர் ஒரு சீன மர வியாபாரி. நேராகப் போய் அந்த எதிர் இருக்கையில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவே மனமில்லை, அங்கேயே கையெழுத்துப் போட்டார். பொட்டலம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கடை தப்பியது, மாணிக்கம் புது வீடும் வாங்கினான். கிரகப்பிரவேசத்தில் அறை அறையாக நடந்து என் பொறாமையைத் தேடினேன், ஒன்றுமில்லை. மார்பிள் தரை அருமை என்று சொல்லிவிட்டேன். கமலா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியே இருக்க மாட்டேன். சில மாதம் கழித்து அந்த மர வியாபாரி சுங்கைப் பட்டாணிக்கு வர ஆரம்பித்தார். காடு காடாகச் சொத்து வைத்திருந்தவர், சொந்த ஜெட்டில் அலோர் ஸ்டார் வந்து இறங்கி, மாணிக்கத்தின் கடைக்கு எதிரே கோப்பிக் கடையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். எதுவும் வாங்க மாட்டார், பார்ப்பார். ஒரு நாள் வேறு இடமில்லாமல் அவர் மேசையில் உட்கார்ந்தேன். மலாயில் கேட்டார்: அந்தக் கார்க்காரன் படித்தவனா, எல்லோருக்கும் ஏன் அவனைப் பிடிக்கிறது. என் சகலை என்றேன். நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

எதிரே மாணிக்கம் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தான். வியாபாரி இரண்டு விரலை இடது விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தினார்.

"அவன் சிரிச்சா இங்கே எரியுது. டாக்டர் ஒன்னும் இல்லேன்றார்."

அந்த இடம் எனக்குத் தெரியும். மாணிக்கம் ரத்னாவைக் கட்டிய நாள் முதல் அந்த ஜெட்டில் ஏறிய நாள் வரை நான் இரண்டு விரலால் அழுத்திக்கொண்டிருந்த இடம், கமலாவிடம்கூடச் சொன்னதில்லை. கோப்பியைச் சூடாகக் குடிக்காதீர்கள், ஆறவிட்டுக் குடித்தால் கொஞ்சம் அடங்கும் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். எனக்கு எப்படித் தெரியும் என்று அந்த மனிதர் கேட்கவே இல்லை.