பேயின் காலில் ரப்பர் செருப்பு

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ரேஷன் கடையில் நான் விற்பனையாளராக இருக்கிறேன். எடைக்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். மெஷினில் கைரேகை விழாததற்காகவும், பருப்பு லோடு வராததற்காகவும் வாங்கியிருக்கிறேன். நடிப்பு சரியில்லை என்று திட்டு வாங்கியது போன வருடம்தான்.

அதற்குக் காரணம் என் கொழுந்தன். பட்டுச்சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது அவன் வேலை. நாள் முழுக்க மயிலையும் அன்னத்தையும் கட்டம் கட்டமாகப் பார்த்துப் பார்த்து அவனுக்கு அலுத்துப்போயிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னான்.

"அண்ணி, ஒரு படம் எடுக்கப் போறேன். காட்டுல நடக்கிற பேய்ப் படம்."

"காட்டுக்கு எங்கடா போவ?" என்று கேட்டார் என் கணவர்.

அந்தக் கேள்விக்குக் கடைசிவரை சரியான பதில் கிடைக்கவில்லை. ஜவ்வாது மலைக்குப் போய் எடுக்கக் கையில் காசில்லை. திருமுக்கூடலில் மூன்று ஆறு சேரும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கரையோரம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதுதான் காடு என்று முடிவு செய்துவிட்டான். கல்யாண வீடியோ எடுக்கும் அவன் நண்பன் கேமராவும் டிரோனும் கொண்டுவர ஒத்துக்கொண்டான். என் கணவர் ஏனாத்தூருக்குக் கல்லூரிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேன் படப்பிடிப்பு வண்டியானது.

கதை இதுதான். நான்கு நண்பர்கள் காட்டுக்குள் போய் வழி தவறிவிடுகிறார்கள். அங்கே எப்போதோ தொலைந்துபோன ஒரு பெண்ணின் ஆவி அவர்களை ஒவ்வொருவராகப் பிடிக்கிறது. ஆவியாக நடிக்க வேனில் வரும் ஒரு கல்லூரிப் பெண் சம்மதித்திருந்தாள். முதல் நாள் காலையிலேயே அவள் உள்ளங்காலில் மூன்று முள் ஏறிவிட்டது. அடுத்த வாரம், "அண்ணா, எனக்கு டெஸ்ட் இருக்குது" என்று போன் வந்தது. கொழுந்தன் போனை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணி, உங்க உயரந்தான் அந்தப் பொண்ணு. முடிய முன்னாடி எடுத்துப் போட்டுட்டா யாருன்னே தெரியாது."

வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை, நான்கைந்து நொடி கழித்துத்தான் சொன்னேன். அவன் அதைக் கவனித்துவிட்டான். உண்மையில் எனக்கும் ஆசை இருந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகத்தில் ஒரு முறை மரமாக நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

எல்லாவற்றையும் பட்டப்பகலில்தான் எடுத்தோம். பிறகு கம்ப்யூட்டரில் நீலமாக்கினால் ராத்திரி ஆகிவிடும் என்றான். வெள்ளைச் சேலை கட்டி, முகத்தில் அரை டப்பா பவுடர் அப்பி, முடியை விரித்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே நான் அலறிக்கொண்டு ஓடினேன். ஆடு மேய்க்க வந்த ஒருவர் கோலை ஊன்றி நின்று பார்த்துவிட்டு, வெளிச்சத்தை என் பக்கம் திருப்பத் தெர்மாக்கோல் அட்டையைப் பிடித்திருந்த என் கணவரிடம் மரியாதையாகக் கேட்டார்: "இன்னா சாமிப்பா வந்துக்குது அந்தம்மாவுக்கு?"

முள்தான் பெரிய தொல்லை. முதல் ஓட்டத்திலேயே குதிகாலில் ஏறிவிட்டது. கொழுந்தனே வேனிலிருந்து என் ரப்பர் செருப்பை எடுத்து வந்து போட்டான். "போட்டுக்குங்க அண்ணி. கால் ஃப்ரேம்ல வராது" என்றான். நானும் போட்டுக்கொண்டு ஓடினேன். நீல வார் வைத்த செருப்பு.

நான்கு மாதம் கழித்துப் படம் யூடியூபில் ஏறியது. முதல் வாரம் பார்த்தவர்கள் எல்லாரும் எங்கள் சொந்தக்காரர்கள். "வாழ்த்துகள் மாப்ளே" என்று கீழே எழுதினார்கள். படத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. என் கணவர் இருபதாவது நிமிடத்தில் தூங்கிவிட்டார். எழுப்பியபோது, "கேட்டுக்கினுதான் இருக்கேன்" என்றார்.

இரண்டாவது வாரம் முன்பின் தெரியாத ஒருவர் எழுதினார்: "முப்பத்தொன்றாவது நிமிடம் பாருங்கள். பேய் செருப்பு போட்டிருக்கிறது."

டிரோனில் எடுத்த காட்சி அது. தலையிலிருந்து கால் வரை நான் முழுசாகத் தெரிந்தேன். அந்த நீல வார் மட்டும், நீலமாக்கிய படத்திலும் தனியாகப் பளிச்சென்று இருந்தது.

அதற்குப் பிறகு கூட்டம் வந்தது பாருங்கள். படத்தைப் பார்க்க வரவில்லை, செருப்பைப் பார்க்க வந்தார்கள். நான் கடையில் பில் போடாத நேரமெல்லாம் போனை எடுத்து அதையே படித்தேன். "பேய்க்கும் கால் ஆணி இருக்கும்போல." "செருப்புச் சத்தம் கேட்டும் நாலு பேரும் ஓடவில்லை, அவர்களைப் பேய் பிடித்ததில் தப்பே இல்லை." "இது காடு இல்லை, எங்கள் ஊரில் இதை வெட்டச் சொல்லித்தான் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்." "நடுராத்திரியில் நிழல் ஏன் காலடியில் விழுகிறது?" "பின்னால் ஆடு மேய்கிறது. ஆட்டுக்குப் பயமில்லை, எனக்கு எப்படி வரும்?" ஒருவர் மட்டும் பொறுமையாக எழுதியிருந்தார்: "ஆடு நன்றாக நடித்திருக்கிறது."

கடையிலும் அதே பேச்சுத்தான். யாருன்னே தெரியாது என்று கொழுந்தன் சொல்லியிருந்தான். ஆனால் மாதாமாதம் என் எதிரில் வரிசையில் நிற்பவர்களுக்கு என் நடை தெரியாதா? சர்க்கரை வாங்க வந்த ஒரு பெரியவர் கார்டை நீட்டிக்கொண்டே, "ஏம்மா, கத்தும்போது 'அடுத்தவங்க வாங்க'ன்ற மாதிரியே இருக்குதும்மா" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு பெண், "பேயி எடை போட்டா சரியா இருக்குமா?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன். சாயந்திரம் கடையைப் பூட்டிவிட்டு, தெரிந்தவர்கள் யாரும் வராத சந்து வழியாக வீட்டுக்குப் போனேன்.

கொழுந்தன் அன்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"அண்ணி, நீங்க அத கழட்டியிருக்கணும்."

"நீதான தம்பி எடுத்தாந்து குடுத்த?"

"குடுத்தேன். டிரோன் மேல ஏறும்போது கழட்டியிருக்கலாம் இல்ல? எட்டு மாசம் உழைச்சேன் அண்ணி. ஒருத்தனாவது கதையப் பத்திப் பேசுறானா? எல்லாரும் செருப்பப் பத்தியே பேசிக்கினு இருக்கிறானுங்க."

"டிரோன் ஏறுச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்? முடி மூஞ்சிய மூடிக்கினு இருந்துச்சு!"

அன்றிலிருந்து அவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்தினான். யூடியூபிலிருந்து படத்தையே நீக்கிவிடப் போவதாக என் கணவரிடம் சொல்லியிருக்கிறான். எனக்கும் கோபம்தான். பதினேழு முள் எடுத்திருந்தேன் என் காலிலிருந்து. ஒரு நன்றிகூட வேண்டாம், பழியாவது போடாமல் இருக்கலாம்.

இப்படியே பத்து நாள் போனது. ஒரு நாள் தறிக்காரர் ஒருவரின் மனைவி பாமாயில் வாங்க வந்தாள். பாக்கெட்டை வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

"யக்கா, அந்த ஒரு எடத்துல மட்டும் நெஜமாவே பயந்துட்டேன்கா."

"செருப்பப் பாத்தா?"

"இல்லக்கா. கடைசில நீ சும்மா ஒரு கல்லு மேல குந்திக்கினு பாப்ப பாரு. கத்தல, ஒண்ணும் பண்ணல. சும்மா பாக்குற. என் வீட்டுக்காரரு தறிய விட்டு எழுந்தாந்து டிவிய நிறுத்திட்டாரு."

அப்படி ஒரு காட்சியில் நடித்ததாக எனக்கு நினைவில்லை. கடை சாத்தியதும் போனில் ஓட்டிப் பார்த்தேன். இருந்தது. கடைசிப் பத்து நிமிடத்தில், கல் மேல் உட்கார்ந்து, முடி ஒதுங்கிய முகத்தோடு எதிரே எதையோ வெறித்துப் பார்க்கிறேன். எனக்கே முதுகு சில்லிட்டது. கீழே தேடினேன். செருப்புக் கேலிகளுக்கு நடுவில் இதைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். "அந்தப் பார்வை ஒன்று போதும்." "லைட்டைப் போட்டுவிட்டுத்தான் மீதியைப் பார்த்தேன்." "இந்த ஷாட்டை வைத்த இயக்குநருக்கு எதிர்காலம் இருக்கிறது."

மறுநாள் கொழுந்தன் சாப்பிட வந்தான். அவனும் அதைப் படித்திருந்தான். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

"அண்ணி, அத நான் எடுக்கல."

"பின்ன?"

"டீ குடிக்கப் போனோம் இல்ல, அப்ப என் ஃப்ரெண்டு கேமராவ ஆஃப் பண்ண மறந்துட்டான். எடிட் பண்றப்ப நீளம் பத்தல. சேத்துட்டேன்." ஒரு வாய் சாதத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னா நெனச்சுக்கினு இருந்தீங்க அப்போ?" என்று கேட்டான்.

நினைவுக்கு வந்துவிட்டது. காலையில் கிளம்பும் அவசரத்தில் அடுப்பில் பால் வைத்திருந்தேன். கேஸை அணைத்தேனா இல்லையா என்று அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஆள் இல்லை. அணைத்த ஞாபகம் வரவே இல்லை.

சொன்னதும் அவன் என்னையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். புரையேறிக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். நான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

"நான் உங்கமேல கோவப்பட்டிருக்கக் கூடாது அண்ணி" என்றான், டம்ளரைக் கீழே வைக்காமலே.

அன்று சாயந்திரமே செருப்பைப் பற்றி முதலில் எழுதியவருக்கு அவன் தன் பெயரிலேயே பதில் போட்டான். "பேயாக நடித்தது என் அண்ணி. முள் குத்தியதால் செருப்பு போடச் சொன்னது நான்தான். கேமராவில் தெரிந்ததைக் கவனிக்காததும் நான்தான்." அவ்வளவுதான் எழுதினான். அதற்கு முந்நூறு பேர் சிரித்தபடி பதில் போட்டார்கள், ஆனால் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. "அண்ணிக்கு வணக்கம்" என்று நிறையப் பேர் எழுதினார்கள். "கால் இப்போது எப்படி இருக்கிறது?" என்று மலேசியாவிலிருந்து ஒரு அம்மா விசாரித்தார். நன்றாக இருக்கிறது என்று நானே பதில் எழுதினேன். படத்தை அவன் நீக்கவில்லை, இன்னும் அங்கேயே இருக்கிறது.

இரண்டு மாதம் முன்பு அரக்கோணத்திலிருந்து ஒரு பையன் போன் செய்தான். குறும்படம் எடுக்கிறானாம், அம்மா வேடத்துக்கு நான் வேண்டுமாம். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வெளிநாட்டிலிருந்து மகன் வந்து வாசலில் நிற்கிறான், அம்மா கதவைத் திறந்து பாசத்தோடு பார்க்க வேண்டும். வசனம் கிடையாது. நான் பார்த்தேன். அவன் கட் சொன்னான். மகனாக நடித்தவன் இரண்டடி பின்வாங்கியிருந்தான்.

"அம்மா," என்றான் அந்த இயக்குநர் மெதுவாக, "கொஞ்சம் சிரிச்சிக்கினே பாக்குறீங்களா?"

சிரித்தேன். அது இன்னும் மோசம் என்றார்கள். கடைசியில் என்னைத் திருப்பி நிறுத்தி, முதுகுப் பக்கமிருந்து எடுத்தார்கள்.