என் பேரைச் சொல்லி ஏற்றிய லொறி

மலை மேலிருந்த அந்த டவுனில் ஒரு பேக்கரியில் நான் பாண் போட்டுக்கொண்டிருந்தேன். தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தை மாதம் பிறந்தால் அங்கே புல் உறைபனியில் வெள்ளையாகிவிடும். உருளைக்கிழங்குச் செடி ஒரே இரவில் கருகிப்போகும். கடை விறாந்தைகளில் படுத்துக் கிடந்தவர்கள் அந்தக் குளிரில்தான் எங்கள் பேக்கரிப் பின்சந்துக்கு வரத் தொடங்கினார்கள். பாண் வேகும் போறணையின் சுவர் அந்தப் பக்கம் இருந்தது. அதில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எல்லோரும் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள்தான். ஒரு பெரியவர் ஆயுள் முழுக்கத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். கண் மங்கியதும் தோட்டத்தில் இனி வேலையில்லை என்று பத்துச்சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ராகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒருத்தி, சின்ன மகளோடு இருந்தாள். புருஷன் செத்ததும் லயத்துக் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

“இந்தியாவுல எனக்கு யாருண்ணே இருக்காங்க? இங்க பொறந்தவ நான். அதுக்கும் கடுதாசி கேக்குறாங்க” என்றாள்.

என் மனைவி மாச்சாக்குகளை இரட்டையாக வைத்து, நடுவில் பழந்துணியைத் திணித்துப் போர்வை தைத்தாள். நான் உடைந்த பாணையும் சாயத்தண்ணியையும் கொண்டுபோய்க் கொடுப்பேன். பேக்கரி முதலாளி கொஞ்ச நாள் கண்டும் காணாமல் இருந்தார். பிறகு, பாண் வாங்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள், இனி யாரும் அங்கே உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் என் கூட்டாளி ஒரு வழி சொன்னான். வட்டகொடைப் பக்கத்தில் ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவனுடைய அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் எங்கள் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. டவுனில் ஒரு பெரிய துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். மாலையில் வேலை முடிந்தால் எங்கள் வீட்டுக்கு வந்து உட்காராமல் போகமாட்டான்.

“எங்க மொதலாளியோட மரக்கறி ஸ்டோர் ஒண்ணு டவுனுக்கு வெளிய சும்மா கெடக்குது மச்சான். நான் கேட்டு வாங்கித் தர்றேன். எல்லாரையும் அங்க கொண்டாந்து வச்சிரு” என்றான்.

எனக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மானாப்புல் வெட்டிவந்து தரையில் பரப்பினோம். அவனும் கூடவே புல்கட்டுச் சுமந்தான். அங்கே வர முதலில் அவர்களுக்குப் பயமாக இருந்தது. நான் வீதி வீதியாகப் போய் ஒவ்வொருவரிடமும் பேசினேன். “நம்ம ஆளு ஒருத்தன் எடுத்துக் குடுத்த எடம். யாரும் வெரட்டமாட்டாங்க” என்றேன். என்னை நம்பி வந்தார்கள். மாசி முழுக்க அங்கே நிம்மதியாகத் தூங்கினார்கள். அந்தச் சின்னப் பிள்ளையின் இருமல்கூடக் குறைந்திருந்தது.

பங்குனியில் சீசனுக்காகக் கடைகளுக்கு வெள்ளை அடித்தார்கள். சித்திரையில் கொழும்பிலிருந்து துரைமாரும் பணக்காரர்களும் காற்று வாங்க வருவார்கள். ஒருநாள் காலை நான் பாணோடு ஸ்டோருக்குப் போனபோது கதவு திறந்து கிடந்தது, உள்ளே யாருமில்லை. மாச்சாக்குப் போர்வைகள் ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரர் சொன்னார். “நேத்து பொழுது சாயிற நேரத்துல லொறி வந்துச்சு தம்பி. கோயில்ல புதுக் கம்பளி குடுக்குறாங்கன்னு ஏத்திக்கிட்டுப் போனாங்க. பழசை வச்சிட்டு வாங்கன்னாங்க. நீங்கதான் அனுப்புனீங்கன்னு ஒங்க கூட்டாளி சொன்னாரு.”

நேரே துணிக்கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து வெளியே வந்தான். அவன் முகத்தில் பயமில்லை. அதுதான் எனக்கு முதலில் உறைத்தது.

“எங்கடா அவங்க?”

“வலப்பனைக்கு அங்கிட்டு எறக்கிவிட்டாச்சு. கீழ்ப்பக்கம், குளிரு இல்லாத எடம். நல்லதுதானே செஞ்சிருக்கேன்?”

“யாரு சொல்லி செஞ்ச?”

“கடைக்காரங்க எல்லாம் சேந்து பேசுனதுடா. சீசன் நேரத்துல விறாந்தையில இதுக கெடந்தா யாவாரம் நடக்குமா? ஒவ்வொரு எடமாத் தேடிப் புடிக்க முடியாது. ஒரே எடத்துல இருந்தாத்தான்...”

ஸ்டோரை வாங்கித் தந்தபோதே இதுதான் எண்ணமா என்று கேட்டேன். அவன் தெருவைப் பார்த்தான். “ஒன் பேரைச் சொல்லலேன்னா ஏறியிருக்கமாட்டாங்க” என்றான், ஏதோ எனக்குப் பெருமை செய்தவன் மாதிரி.

நானும் மனைவியும் போர்வைகளைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். வலப்பனை தாண்டி ஒரு சந்தைக் கொட்டகையில் அவர்களைக் கண்டோம். ஒரு சிங்களத்து அம்மா மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்திருந்தாள். பெரியவர் இல்லை. விடிவதற்குள் மேலே மலைப் பக்கமாக நடக்கத் தொடங்கிவிட்டாராம்.

ராகலைக்காரி எழுந்திருக்கவில்லை. “எங்க ஊரு கடையைத் தாண்டி லொறி போனப்பவே தெரிஞ்சிருச்சு. தட்டிக் கத்துனோம், நிறுத்தல” என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். சத்தியமாக எனக்குத் தெரியாது என்றேன்.

“இருக்கலாம். ஆனா நீங்க சொன்னீங்கன்னுதானே ஏறுனோம்” என்றாள். என் மனைவி நீட்டிய போர்வையை அவள் மகள்தான் கைநீட்டி வாங்கினாள்.

திரும்பும்போது பஸ்ஸின் இரண்டு பக்கமும் பெரியவரைத் தேடிக்கொண்டே வந்தோம். அதற்கு முன்பே வேறொரு லொறிக்காரன் அவரை ஏற்றிவந்து ராகலையில் விட்டிருந்தான். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கிருந்து அவர் தன் பழைய தோட்டத்துக்கு நடந்திருக்கிறார். இரவு மழை. தேயிலைக்குள் கிடந்தவரைக் காலையில் கொழுந்து எடுக்கப் போனவர்கள் கண்டார்கள். வேலையை விட்டு அனுப்பிய அதே தோட்டத்தில் அவருக்கு இடம் கிடைத்தது, புதைகுழியாக.

சேதி கேட்ட அன்று கூட்டாளி என் வீட்டுக்கு வந்தான். வழக்கம்போல உட்காரப் போனான். என் மனைவி அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, “போங்கண்ணே” என்றாள். அவள் சத்தம் போடவில்லை. அவன் என்னைப் பார்த்தான். இருபது வருடம் கூடச் சாப்பிட்டவன்தான், ஆனால் நான் எழுந்து வாசல் கதவைத் திறந்துவிட்டேன்.

அடுத்த குளிருக்கு முன்னால் நாங்கள் அட்டன் பக்கம் போய்விட்டோம். ராகலைக்காரிக்கு அந்தச் சிங்களத்து அம்மாவின் மரக்கறித் தோட்டத்தில் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டு ஒருமுறை பார்க்கப் போனேன். பிள்ளை வளர்ந்திருந்தது. தேத்தண்ணி தந்தாள், மரியாதையாகத்தான் பேசினாள். நான் விடைபெறும்போது தயங்கி நின்று, “அண்ணே, நாங்க இங்க இருக்கிறதை யாருக்கும் சொல்லாதீங்க” என்றாள்.